சுவரும் மன்றும்: 'மெட்ராஸ்' திரைப்படத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஊர்க்கூடலும்

ஆய்வுச் சுருக்கம்

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'மெட்ராஸ்' திரைப்படம் வியாசர்பாடியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் களமாகக் கொண்டது. குடியிருப்பின் நடுவே ஓங்கி நிற்கும் சுவரே படத்தின் மையக் குறியீடு என்று பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. சுவருக்கு இணையாகப் படம் கட்டியெழுப்பும் மற்றொரு வெளி உண்டு. அது கட்டடங்களுக்கு இடைப்பட்ட பொதுத்திடல். பந்தாட்டம், இளைஞர் ஆட்டம், கானா, இறப்புச் சடங்கு முதலிய கூட்டு நிகழ்வுகள் அத்திடலில் நடைபெறுகின்றன. அவையே குடியிருப்பை ஊராக்குகின்றன. இந்நிகழ்வுகளைத் தமிழ் மரபின் 'மன்றம்' எனும் கருத்தாக்கத்தோடு பொருத்திக் காணும் இக்கட்டுரை, படத்தின் முடிவு சுவர்ச் சிக்கலைத் தீர்த்துவிட்டுக் குடியிருப்பு உரிமை பற்றிய வினாவை விடுத்துச் செல்வதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மெட்ராஸ், வடசென்னை, மன்றம், அடுக்குமாடிக் குடியிருப்பு, கானா, மறுகுடியமர்வு, கண்ணகி நகர்.

முன்னுரை

ஒரு நகரப்பகுதியை அறிய இரண்டு வழிகள் உள்ளன. எத்தனை வீடுகள், எத்தனை அடுக்குகள், யாருடைய நிலம், யாருக்கு ஒதுக்கீடு என்று கணக்கெடுப்பது முதல் வழி. மாலையில் யார் எங்கே கூடுகின்றனர், ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் பந்தல் எங்கே போடப்படுகிறது, சிறுவர் எங்கே விளையாடுகின்றனர் என்று பார்ப்பது இரண்டாம் வழி. அரசு ஆவணங்கள் முதல் வழியிலேயே செல்கின்றன. இலக்கியமும் திரைப்படமும் இரண்டாம் வழியில் செல்ல வல்லவை. தமிழ்த் திரைப்படங்களில் குடிசைப் பகுதியும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நெடுங்காலம் குற்றத்தின் பின்னணியாகவோ இரக்கத்தின் பொருளாகவோ மட்டுமே காட்டப்பட்டு வந்தன. அவ்வழக்கிலிருந்து விலகி, குடியிருப்பையே கதையின் இயங்குதளமாக்கிய படங்களுள் 'மெட்ராஸ்' முதன்மையானது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நிலம் தனித்து நின்று ஒழுக்கத்தை உணர்த்துவதில்லை. பொழுதோடு சேரும்போதே அது திணையாகிறது. இப்பாகுபாட்டை ஒரு நகரக் குடியிருப்புக்குப் பொருத்திப் பார்க்க இடமுண்டு. கட்டடம் நிலம் எனில், அங்கு நிகழும் ஆட்டமும் பாட்டும் விழாவும் சாவும் அதன் பொழுது. நிலத்தைப் பெயர்த்து வேறிடத்தில் அமைத்துவிடலாம். பொழுதைப் பெயர்ப்பது எளிதன்று. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை படத்தை அணுகுகிறது.

1. மன்றம் எனும் மரபு

குடியிருப்பையும் கூட்டு நிகழ்வையும் ஒருசேரக் காட்டுவது தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வாழிடத்தை விரிவாகக் காட்டுகிறது. குறுகிய கூரையுடைய வீடுகள், அவற்றினிடையே மணலில் உலரும் வலைகள், முதிய மரத்தடியில் அமைந்த போர்க்களரி, அங்கு ஒருவரோடொருவர் மோதி வலிமை காட்டும் ஆடவர் என அக்காட்சி அமைகிறது. முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் அந்நாளைக் கழிக்கின்றனர். வீட்டின் சிறுமையைக் கூறிய புலவர் அதை இரங்கத்தக்கதாகக் கூறவில்லை. வீடு குறுகியது, வெளி அகன்றது. வாழ்க்கை பெரும்பகுதி அவ்வெளியிலேயே நிகழ்கிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கிறது. உழைப்போரும் கைவினைஞரும் சிறுவணிகரும் கடல்வழி வந்தோரும் வாழ்வது மருவூர்ப்பாக்கம். அரசரும் பெருவணிகரும் அந்தணரும் வாழ்வது பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் இடையே மரச்சோலையில் அமைந்தது நாளங்காடி. விழா தொடங்கும்போது ஐவகை மன்றங்களிலும் பலியிட்டதாகக் காதை கூறுகிறது. குடியிருப்பால் பிரிந்து கிடந்த நகரம் விழாக் காலத்தில் மன்றங்களின் வழியே ஒன்றாகிறது. ஆயினும் விழா முடிந்தபின் இரு பாக்கங்களும் இரு பாக்கங்களாகவே நீடிக்கின்றன. கூட்டு நிகழ்வு மக்களை இணைக்கும். குடியிருப்பின் ஏற்றத்தாழ்வை அது தானாக அழித்துவிடாது. இவ்விரு உண்மைகளும் இன்றைய சென்னைக்கும் பொருந்துகின்றன.

2. குடிசையிலிருந்து 'ஹவுசிங் போர்டு' வரை

படத்தின் களத்தைப் புரிந்துகொள்ள அதன் கட்டட வரலாறு தேவையாகிறது. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் குடிசைப் பகுதிகளின் மேம்பாடு, அகற்றல் குறித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் காலத்தில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்கு அண்மையிலேயோ எழுந்தன. வீடுகள் மிகச் சிறியவை. பல 250 சதுர அடிக்கும் குறைந்த பரப்புடையவை. ஆனால் வேலையிடம், பள்ளி, கோயில், தேவாலயம், உறவினர் வீடு ஆகியவற்றோடு இருந்த தொடர்பு அறுபடவில்லை. வீடு மாறியது, ஊர் மாறவில்லை.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பகுதிகளின் மக்கள் நெடுங்காலம் பின்னி ஆலைகளோடும் இரயில்வே பணிமனைகளோடும் துறைமுகத்தோடும் பிணைந்திருந்தனர். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் 1921இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றது. அப்போராட்டத்தின்போது புளியந்தோப்பில் சாதி மோதலும் வெடித்தது. எனவே இப்பகுதியில் குடியிருப்பு என்பது தொழில், சாதி, அரசியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் புள்ளியாகத் தொடக்கம் முதலே இருந்து வந்துள்ளது.

பெயர் வழக்கும் கவனத்திற்குரியது. நடுத்தர வருவாயினருக்கும் வீடு கட்டித் தரும் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வேறு. குடிசை மாற்று வாரியம் வேறு. ஆயினும் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளில் வாழ்வோர் தம் வாழிடத்தை 'ஹவுசிங் போர்டு' என்றே அழைக்கின்றனர். 'குடிசை' எனும் சொல்லை மக்கள் தம் நாவிலிருந்து விலக்கிப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், 2021இல் அரசும் அவ்வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றியது. படத்திலும் இக்குடியிருப்பு 'ஹவுசிங் போர்டு' ஆகவே வழங்குகிறது. படத்தின் தலைப்பும் இத்தகையதே. நகரின் அதிகாரப்பூர்வப் பெயர் 1996இல் சென்னை என மாறியபின்னும், வடசென்னை மக்களின் நாவில் வாழும் பழம்பெயரையே இயக்குநர் தேர்ந்துகொண்டுள்ளார். ஆவணம் இடும் பெயரை விட்டு, வாழ்வோர் இடும் பெயரை ஏற்றுக்கொள்ளும் நோக்கு படம் முழுவதும் தொடர்கிறது.

3. சுவரின் அரசியல்

படம் சுவரின் வரலாற்றோடு தொடங்குகிறது. ஒரே கட்சியாக இருந்தோர் இரு அணிகளாகப் பிரிகின்றனர், குடியிருப்பின் பெருஞ்சுவர் யாருக்கு என்பதே பூசலாகிறது, கொலைகள் நிகழ்கின்றன. இறுதியில் கிருஷ்ணப்பனின் உருவம் சுவரில் நிலைபெறுகிறது. அவர் மகன் கண்ணன் அவ்வுருவத்தின் காவலனாக நிற்கிறான். எதிரணியின் மாரியைத் தலைவனாக ஏற்ற அன்பு அச்சுவரைத் தம் அணிக்கு மீட்டெடுக்க முயல்கிறான். அம்முயற்சியின் தொடர்ச்சியாகத் துரத்தப்படும்போது நண்பன் காளி பெருமாளைக் கொல்ல நேர்கிறது. சரணடையச் சென்ற இடத்தில் அன்பு கொல்லப்படுகிறான்.

தமிழ்நாட்டில் சுவர் வெறும் கட்டடப் பகுதியாக இருந்ததில்லை. திராவிட இயக்கத்தின் வளர்ச்சியில் மேடை, நாளிதழ், நாடகம், திரைப்படம் ஆகியவற்றோடு சுவரெழுத்தும் ஓர் ஊடகமாயிற்று. பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்க 1959இலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் பார்வையில் சுவரெழுத்து அழகைக் கெடுக்கும் செயல். கட்சியின் பார்வையில் அது ஆட்சியெல்லையின் அடையாளம். அங்கு வாழ்வோரின் பார்வையில் அது யாது என்பதே இப்படம் எழுப்பும் வினா.

அதற்குப் படம் தரும் விடை நம்பிக்கையின் வடிவில் வருகிறது. சுவர் உயிர்ப்பலி கொள்ளும் என்று குடியிருப்பு மக்கள் அஞ்சுகின்றனர். சிலப்பதிகார மன்றங்களில் ஊர் தன் நலம் நாடிப் பலியிட்டது. பலி ஊரின் விருப்பத்தால் நிகழ்ந்தது. 'மெட்ராஸ்' சுவரோ ஊரின் விருப்பத்தைக் கேளாமல் பலி கொள்கிறது. ஊருக்குப் பொதுவான ஓரிடத்தைக் கட்சி தனதாக்கிக்கொள்ளும்போது மன்றம் பலிபீடமாகத் திரிந்துவிடுகிறது. மக்களின் அச்சம் மூடநம்பிக்கையாக மட்டும் காட்டப்படாமல், நிகழ்ந்த கொலைகளின் கூட்டு நினைவாகவும் காட்டப்படுவது படத்தின் நுட்பம். மனம் பிறழ்ந்தவனாகக் கருதப்படும் ஜானி அந்நினைவை உரக்கப் பேசும் குரலாகிறான். ஊர் வாய்திறவாத செய்திகளை அவன் மட்டுமே பேச முடிகிறது.

4. திடலின் நிகழ்வுகள்

சுவரின் மீதே பார்வையை நிறுத்துவோர் காணத் தவறுவது சுவருக்குக் கீழே விரியும் திடலை. படத்தின் முற்பகுதி முழுவதும் அத்திடலில் நிகழ்பவற்றால் நிறைந்துள்ளது. கால்பந்தாட்டம், இளைஞர் குழுவின் நடனம், நண்பர்களின் கேலிப் பேச்சு, காதல் தோல்விக்கான கானா என்று காட்சிகள் அடுக்கப்படுகின்றன. கதையோட்டத்தை மட்டும் எதிர்நோக்குவோருக்கு இவை இடைச்செருகலாகத் தோன்றக்கூடும். ஆனால் இவை நீக்கப்பட்டால் சுவருக்காக நிகழும் கொலையின் பொருளே குன்றிவிடும். எதை இழக்கிறார்கள் என்பதைப் பார்வையாளர் அறிந்த பின்னரே இழப்பு இழப்பாகிறது.

இந்நிகழ்வுகளிடையே மூன்று பொதுத்தன்மைகள் காணப்படுகின்றன.

முதலாவது, இவற்றுக்கு நுழைவுத் தகுதி இல்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றும் காளியும், முழுநேர அரசியலில் இறங்கிய அன்பும், ஊர் கைவிட்ட ஜானியும் ஒரே திடலில் நிற்கின்றனர். படிப்பும் வருவாயும் அவர்களை வெவ்வேறு திசைகளில் இழுக்கின்றன. ஆட்டம் அவர்களை ஓரிடத்தில் நிறுத்துகிறது. காளி பகலில் பணியாற்றும் இடம் அவனுக்கு ஊதியம் தருகிறது. மாலையில் திரும்பும் இடம் அவனுக்குப் பெயர் தருகிறது.

இரண்டாவது, இவற்றின் செலவையும் ஏற்பாட்டையும் குடியிருப்பே ஏற்கிறது. கட்சிக் கூட்டத்திற்குத் தலைவர் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், கொடி வேண்டும். பந்தாட்டத்திற்குப் பந்தும் திடலும் போதும். ஆகவே கட்சி சுவரைக் கைப்பற்ற முடிந்த அளவுக்குத் திடலைக் கைப்பற்ற முடியவில்லை. சுவரில் ஓர் உருவம் வரைந்தால் மற்றோர் உருவத்திற்கு இடமில்லை. திடலில் ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்ததற்கு இடம் பிறக்கிறது. இவ்வேறுபாட்டைப் படம் உரையாடலால் கூறாமல் காட்சியமைப்பால் உணர்த்துகிறது. ஜி. முரளியின் ஒளிப்பதிவில் சுவர் கீழிருந்து மேல்நோக்கிக் காணப்படுகையில், திடல் மக்களின் கண்மட்டத்திலிருந்து காணப்படும் போக்கு மேலோங்கியுள்ளது.

மூன்றாவது, மகிழ்ச்சியும் துயரும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. கானா வடசென்னையின் இறப்பு வீடுகளில் வேரூன்றிய பாடல்வகை. இறந்தவரின் பண்பைப் பாடி இரவைக் கழிப்பது அதன் பழைய பணி. சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடிய பாடல்கள் படத்தில் காதலின் கேலிக்கும் பயன்படுகின்றன, அன்புவின் இறப்புக்கும் பயன்படுகின்றன. ஒரே குரல் இரு பொழுதுகளுக்கும் உரியதாகிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் சேர்த்தமையை இங்கு நினைவுகூரலாம். இசை ஒரு நிலத்தின் அணி அன்று, அதன் உறுப்பு. கானாவைக் களத்திலிருந்து பிரித்தெடுத்து மெட்டாக மட்டும் கையாண்ட வணிகப்படங்களிலிருந்து 'மெட்ராஸ்' வேறுபடும் இடம் இதுவே.

5. பெண்களும் பொதுவெளியும்

திடல் எல்லோருக்கும் பொது என்ற கூற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. படத்தில் ஆடுவோர் ஆண்கள், பாடுவோரும் ஆண்கள். பெண்கள் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் குழாயடியிலும் வாசலிலும் நிற்கின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுவெளிகளுள் வேலைக்குரியவை பெண்களுக்கும் ஓய்வுக்குரியவை ஆண்களுக்கும் சென்றிருப்பதைப் படம் உள்ளவாறே பதிவுசெய்கிறது. பதிவுசெய்வதோடு நின்றுவிடுகிறது என்பது அதன் குறை.

எனினும் இரு பெண்கள் இவ்வரம்பைத் தளர்த்துகின்றனர். கலையரசி காதலிக்கப்படும் பெண்ணாக மட்டும் அமையாமல் தன் விருப்பத்தைத் தானே முன்வைப்பவளாக அமைகிறாள். அன்புவின் மனைவி மேரியின் பாத்திரம் இன்னும் கூர்மையானது. கணவனின் அரசியல் கனவுக்கும் வீட்டின் அன்றாடத்திற்கும் இடையில் அவள் நிற்கிறாள். அவர்களின் வீட்டுக் காட்சிகளில் சிறிய அறைக்குள் நிறைந்திருக்கும் அன்பு, சுவரின் பேருருவத்தைச் சிறியதாக்கிவிடுகிறது. அன்புவின் உடல்முன் மேரி அழும் காட்சியில் திடல் முதன்முறையாகப் பெண்ணின் குரலால் நிறைகிறது. ஒப்பாரி பெண்ணுக்குரிய பொது வடிவம் என்பது மரபு. மகிழ்ச்சிக்குத் திடலைத் தராத ஊர் துயருக்கு மட்டும் அதை அவளுக்குத் தருகிறது. இவ்வுண்மையைப் படம் விளக்காமலே உணர்த்திவிடுகிறது.

6. படம் கேளாத வினா

இறுதியில் காளியும் குடியிருப்பு மக்களும் சுவரின் உருவத்தைச் சிதைக்கின்றனர். கிருஷ்ணப்பனின் உருவம் இருந்த இடத்தில் குழந்தைகளின் கல்வியைச் சுட்டும் ஓவியம் இடம்பெறுகிறது. காளியும் கலையரசியும் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். காளியின் கையில் முன்னர்க் காணப்பட்ட ஜி. கல்யாண ராவின் 'தீண்டாத வசந்தம்' நாவல், காட்சிகளின் ஓரத்தில் வந்துபோகும் அம்பேத்கர் உருவம், நீல வண்ணம் ஆகியவை இம்முடிவுக்கு முன்னரே வழியமைத்துள்ளன. கட்சியின் உருவத்திலிருந்து விடுபட்டுக் கல்வியின் வழியே தன்னுரிமை பெறுவது என்பது தெளிவான அரசியல் நிலைப்பாடு. அதன் நேர்மையில் ஐயமில்லை.

ஆயினும் இம்முடிவு இரண்டு வினாக்களுக்கு இடமளிக்கிறது. முதலாவது, சுவர் இன்னும் உருவத்திற்குரிய இடமாகவே நீடிக்கிறது. உருவம் மாறியது, சுவரின் மீது யார் என்ன வரைவது என்பதை முடிவுசெய்யும் முறை மாறியதா என்பது காட்டப்படவில்லை. ஊர் கூடி முடிவெடுக்கும் காட்சி ஒன்றேனும் அமைந்திருந்தால் மன்றம் அதன் முழுப்பொருளில் மீண்டிருக்கும். தமிழ் மரபில் மன்றம் ஆடுமிடம் மட்டுமன்று, வழக்குரைக்குமிடமும் ஆகும். படத்தின் திடல் ஆடுகிறது, அழுகிறது, சினக்கிறது. அது கலந்தாய்வதைப் படம் காட்டவில்லை.

இரண்டாவது வினா இதனினும் அடிப்படையானது. இக்குடியிருப்பு யாருடையது? வீடுகளின் உரிமை, பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டும்போது திரும்ப வரும் உறுதி ஆகியவை பற்றிப் படம் பேசுவதில்லை. குடியிருப்பு அங்கே எப்போதும் இருக்கும் என்பது கதையின் ஐயமற்ற எடுகோள். மெய்ந்நிலை அவ்வாறில்லை. 1970களில் எழுந்த அடுக்குமாடிகள் இன்று முதுமையடைந்துள்ளன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரிய அடுக்குமாடி இடிந்து வீழ்ந்தது. குடியிருந்தோர் விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு நேரவில்லை. ஒருவர் வீட்டின் விரிசல் அனைவரின் செய்தியாகும் நெருக்கம் அத்தகைய இடங்களில் உயிர்காக்கும் ஏற்பாடாகவே அமைந்துவிடுகிறது. கூட்டு வாழ்வின் மதிப்பு உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று என்பதற்கு இது சான்று.

சுவரில் இருக்கும் உருவத்திற்காக உயிர்கள் போகும்போது, அச்சுவரைத் தாங்கும் கட்டடத்தின் நிலை பேசப்படாமல் போவது கட்சி அரசியலின் வெற்றி என்றே கொள்ள வேண்டும். படம் கட்சி அரசியலைக் கடுமையாகத் தாக்கினாலும், அவ்வரசியல் எதைப் பேசவிடாமல் தடுத்ததோ அதைத் தானும் பேசாமல் விட்டுள்ளது.

7. பிற படங்களோடு ஒப்பீடு

இவ்விடுபடலின் அளவை அறிய அண்மைக்கால ஆக்கங்கள் சில உதவுகின்றன. மா. மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015இல் திரையரங்குகளுக்கு வந்தது. சிறுவர் இருவர் ஏறி முட்டை எடுத்த மரமும் அவர்கள் ஆடிய வெளியும் அழிக்கப்பட்டு, அங்கே பீட்சா கடை எழுகிறது. மன்றம் விற்பனைப் பொருளாகும் தருணத்தை அப்படம் சிறுவர் கண்வழி காட்டிவிடுகிறது. 'மெட்ராஸ்' திடலின் நிறைவைக் காட்டியது. 'காக்கா முட்டை' திடலின் இழப்பைக் காட்டியது.

வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) கேரம் ஆட்டத்தையும் குடியிருப்புச் சிக்கலையும் ஒரே கதையில் பிணைத்தது. கடற்கரையோர மக்களை அகற்றிச் சாலை அமைக்கும் திட்டத்தை இராஜன் எதிர்க்கிறான். அவன் கொல்லப்பட்ட பின்னர் அதே சிக்கல் மீண்டும் எழும்போது அன்பு எதிர்த்து நிற்கிறான். நில உரிமை வினா இங்கு வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. ஆயினும் அதற்கான எதிர்ப்பு ஒற்றை நாயகனின் வீரத்தைச் சார்ந்தே அமைகிறது. 'மெட்ராஸ்' படத்தில் ஊர் உண்டு, உரிமை வினா இல்லை. 'வட சென்னை' படத்தில் உரிமை வினா உண்டு, ஊர் நாயகனின் நிழலில் நிற்கிறது.

இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) நெருக்கடிநிலைக் காலத்தைக் களமாகக் கொண்டு, குத்துச்சண்டை எனும் நிகழ்வையே மையத்திற்குக் கொண்டுவந்தது. அதன் திரைக்கதையில் பங்கேற்ற தமிழ்ப்பிரபா, 'பேட்டை' நாவலில் சிந்தாதிரிப்பேட்டையைக் களமாக்கியவர். சண்டை நடைபெறும் களத்திற்கு வந்து குவியும் மக்கள்திரளைக் காட்டும் காட்சிகள், நிகழ்வு எவ்வாறு ஒரு பகுதியின் தன்மதிப்பைத் தாங்குகிறது என்பதற்கு நல்ல சான்றுகள். 1976 ஜனவரியில் மாநில அரசு கலைக்கப்பட்ட செய்தி ஆட்டத்தை இடைமறிப்பதாக அமைத்திருப்பது, கூட்டு நிகழ்வு அரசியலுக்கு வெளியே நிகழ்வதில்லை என்பதைச் சுவரைக் காட்டாமலே உணர்த்துகிறது. 'மெட்ராஸ்' படத்தில் தொடங்கிய சிந்தனை இங்கு முதிர்ச்சி பெற்றுள்ளது.

8. கண்ணகி நகர்ச் சுவர்கள்

நகரின் நடுப்பகுதிகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்தோரைத் தென்விளிம்புக்கு அனுப்பும் போக்கு 2000ஆம் ஆண்டையொட்டி வலுப்பெற்றது. கண்ணகி நகரும் அதனையொட்டிய எழில் நகரும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட பெருங்குடியிருப்பாக வளர்ந்தன. அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இவ்வரிசை நீண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின்னர் ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களுக்குச் சென்றன. வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தோர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்ட வீடுகளில் அண்டை வீட்டாராயினர். வேலையிடம் தொலைவாயிற்று; பயணநேரம் மாலைப்பொழுதை விழுங்கியது. முன்னுரையில் கூறிய பாகுபாட்டின்படி, நிலம் கிடைத்தது, பொழுது கிடைக்கவில்லை.

நகரிடம் நீதி கேட்டவளின் பெயரை இக்குடியிருப்பு தாங்கியிருப்பது எண்ணத்தக்கது. 2020ஆம் ஆண்டளவில் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பேரளவு ஓவியங்கள் வரையப்பட்டன; அப்பகுதி கலைமாவட்டம் எனப் பாராட்டப்பட்டது. அங்கு வரையப்பட்டவை கட்சித் தலைவர் உருவங்கள் அல்ல. குழந்தைகள், பெண்கள், அன்றாடக் காட்சிகள். ஒருவகையில் 'மெட்ராஸ்' படத்தின் முடிவு மெய்யுலகில் நிறைவேறியதைப் போன்றது இது. வண்ணம் அப்பகுதியின் மீதிருந்த இழிபெயரைக் குறைக்க உதவியது என்பதை மறுக்க இயலாது. ஆனால் சுவர் அழகுபெற்றமையால் மன்றம் உருவாகிவிடாது என்பதும் அவ்வாறே மறுக்க இயலாதது. படத்தின் முடிவு பற்றி மேலே எழுப்பிய முதல் வினா இங்கும் நிற்கிறது: வரைவதை முடிவுசெய்தோர் யார்?

இதற்கு மாறான முயற்சிகளும் நகரில் நிகழ்ந்துள்ளன. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, செவ்வியல் இசையையும் பறையையும் பிற கலைகளையும் மீனவர் குடியிருப்பின் வெளியிலேயே அரங்கேற்றியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, கானாவை அதன் அரசியல் உள்ளடக்கத்தோடு பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. முன்னது குடியிருப்புக்குள் நகரை அழைத்தது. பின்னது நகருக்குள் குடியிருப்பின் குரலைக் கொண்டுசென்றது. சிலப்பதிகாரத்தின் இரு பாக்கங்களையும் இணைத்த நாளங்காடியின் பணியை இவை வெவ்வேறு முறையில் செய்தன. எனினும் விழா முடிந்தபின் பாக்கங்கள் பாக்கங்களாகவே நீடிக்கும் எனும் பழைய உண்மையும் இவற்றோடு வருகிறது.

முடிவுரை

'மெட்ராஸ்' திரைப்படத்தின் ஆற்றல் அதன் சுவரில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. சுவருக்குக் கீழே நிகழும் ஆட்டமும் பாட்டும் அழுகையுமே அதன் உயிர். சிறிய வீடுகளும் அகன்ற பொதுவெளியும் சேர்ந்த ஒரு வாழ்முறையை, பட்டினப்பாலைப் புலவரைப் போல, இரக்கம் கலவாத பார்வையோடு அது காட்டியது. கானாவை அதன் நிலத்தில் நிறுத்தியது. கட்சி ஓர் ஊரின் மன்றத்தைப் பலிபீடமாக்கும் முறையை அம்பலப்படுத்தியது. இவை அதன் நிலைத்த பெறுமானங்கள்.

அதன் குறைகள் இரண்டு. திடலைக் கலந்தாய்வுக்குரிய மன்றமாக அது வளர்த்தெடுக்கவில்லை. திடல் நிற்கும் நிலத்தின் உரிமையையும் கட்டடத்தின் நிலையையும் அது வினவவில்லை. படம் வெளிவந்த பின்னர் நிகழ்ந்த மறுகுடியமர்வுகளை நோக்க, இரண்டாம் குறையே பெரிதாகத் தெரிகிறது. சுவர் யாருக்கு என்று போரிட்ட தலைமுறைக்குப் பின், அச்சுவர் நின்ற இடமே யாருக்கு என்று கேட்கவேண்டிய தலைமுறை வந்துள்ளது.

குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வு வீடுகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அங்கு நிகழ்பவற்றையும் தரவாகக் கொள்ள வேண்டும். பந்தாட்டத் திடலின் அளவு, சாவுப்பந்தல் போடும் இடம், பெண்கள் மாலையில் அமரும் இடம், வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரம் ஆகியவை வீட்டின் சதுர அடிக்கு நிகரான தரவுகள். திரைப்படமும் நாவலும் இத்தரவுகளைப் பாதுகாத்து வைத்துள்ளன. ஓர் அடுக்குமாடி இடித்துக் கட்டப்படும்போது வீட்டின் அளவு வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. அவ்வரைபடத்தில் மன்றுக்கு இடமுண்டா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.